சிங்கப்பூர் – நியூயார்க்: 15,349 கிலோமீட்டர், நடுவே ஒரு காற்று

திங்கள் மாலை, சிங்கப்பூர்

இன்று நள்ளிரவு தாண்டி நான் ஏறப்போகும் விமானம், உலகில் இப்போது பயணிகளை ஏற்றிச் செல்லும் இடைநில்லாச் சேவைகளிலேயே மிக நீளமானது. சாங்கியில் கிளம்பினால் நியூயார்க்கின் ஜான் எஃப். கென்னடி விமான நிலையத்தில்தான் சக்கரம் தரையைத் தொடும். மகள் குவீன்ஸ் பகுதியில் இருக்கிறாள். இதுவரை அவளைப் பார்க்கப் போனதெல்லாம் ஃபிராங்ஃபர்ட்டில் இறங்கி ஏறும் வழியில். இந்த முறை ஒரே மூச்சாகப் போகலாம் என்று முடிவு செய்தேன்.

எங்கள் அடுக்குமாடி புளோக்கில் பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்? பதில் சுலபம்போலத் தெரியும். தூரம் 15,349 கிலோமீட்டர். நேரம் பதினெட்டரை மணிக்குக் கொஞ்சம் முன்னே பின்னே. ஆனால் பல வருடம் பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்த எனக்கு இந்த இரண்டு எண்களையும் அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. பெட்டி கட்டி முடித்துவிட்டு உலக உருண்டையையும் ஒரு நூலையும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

நூலின் ஒரு நுனியைச் சிங்கப்பூரில் வைத்து, மறு நுனியை நியூயார்க்கில் வைத்து, தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். நூல் பசிபிக் வழியாகவும் போகாது, ஐரோப்பா வழியாகவும் போகாது. நேரே வடக்கே ஏறி, வட துருவத்தை உரசிக்கொண்டு, மறுபக்கம் இறங்கும். காரணம் தீர்க்கரேகையில் இருக்கிறது. சாங்கி ஏறத்தாழ கிழக்கு 104 பாகையில் இருக்கிறது. கென்னடி மேற்கு 74 பாகையில். கூட்டினால் 178. அதாவது இரண்டு ஊரும் பூமியின் நேரெதிர்ப் பக்கங்களில், இரு துருவங்கள் வழியாகவும் பூமியைச் சுற்றும் கிட்டத்தட்ட ஒரே வட்டத்தின் மேல் உட்கார்ந்திருக்கின்றன.

அப்படியானால் தூரத்தைக் காகிதத்திலேயே போட்டுவிடலாம். சாங்கியின் அட்சரேகை 1 பாகை 21 கலை (ஒரு பாகைக்கு அறுபது கலை). அங்கிருந்து துருவம் 88 பாகை 39 கலை. கென்னடியின் அட்சரேகை 40 பாகை 38 கலை. துருவத்திலிருந்து அது 49 பாகை 22 கலை. மொத்தம் 138 பாகையும் ஒரு கலையும். ஒரு பாகைக்கு 111.2 கிலோமீட்டர் என்று பெருக்கினால் 15,350-ஐ ஒட்டி வந்து நிற்கிறது. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பூமியில் எந்த இரண்டு புள்ளிகளும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டருக்கு மேல் விலகி இருக்க முடியாது. அதில் முக்கால் பங்கைத் தாண்டிய தூரம் இது.

ஆனால் 2018 அக்டோபரில் நியூயார்க் பக்கத்து நெவார்க்குக்கு இந்தச் சேவையைத் தொடங்கியபோது சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் சொன்ன தூரம் வேறு: சுமார் 16,700 கிலோமீட்டர், 18 மணி 45 நிமிடம். நெவார்க்கும் கென்னடியும் அருகருகேதான் இருக்கின்றன. நூல் காட்டும் கணக்குக்கும் அந்த எண்ணுக்கும் நடுவே 1,350 கிலோமீட்டர் இடைவெளி. சென்னைக்கும் மும்பைக்கும் இடையே உள்ள வான்தூரத்தைவிட அதிகம். அவ்வளவு தூரம் சுற்றிப் போவதற்கு என்ன காரணமோ அதைத்தான் இந்தப் பயணத்தில் கண்ணால் பார்க்க ஆசை.

மற்றதை ஏறி இறங்கியபின் எழுதுகிறேன்.

செவ்வாய் மதியம், நியூயார்க்

வந்து சேர்ந்தாயிற்று. குளித்தாயிற்று. மகள் தூங்கக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருப்பதால், தூக்கத்தை விரட்ட இதை எழுதுகிறேன்.

முதலில் விமானம். ஏர்பஸ் ஏ350-900 யூஎல்ஆர். நெடுந்தொலைவுக்கென்றே எரிபொருள் அமைப்பை மாற்றிச் செய்தது. 1,65,000 லிட்டர் கொள்ளும். விமானத்துக்குள் மொத்தம் 161 இருக்கைகள்தான்: 67 பிசினஸ், 94 பிரீமியம் எகானமி. சாதாரண எகானமி வகுப்பே கிடையாது. ஏதோ வசதிக்காரர்களுக்காகச் செய்த ஏற்பாடு என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் இது எடைக் கணக்கு. இந்த விமானம் மேலே கிளம்பும்போது அதிகபட்சம் 280 டன் இருக்கலாம். தொட்டியை முழுக்க நிரப்பினால் எரிபொருள் மட்டுமே 130 டன்னுக்கு மேல். ஏறக்குறைய பாதி எடை. தூரம் கூடக்கூட எரிபொருள் கூட வேண்டும். அந்தக் கூடுதல் எரிபொருளைச் சுமப்பதற்கே இன்னும் எரிபொருள் வேண்டும். ஆகவே ஆட்களைக் குறைக்கிறார்கள், முன்பக்கச் சரக்கறையையும் பயன்படுத்துவதில்லை.

இந்தக் கணக்கு ஒருமுறை தோற்றும் இருக்கிறது. 2004-இல் இதே நிறுவனம் ஏ340-500 விமானத்தில் சிங்கப்பூரிலிருந்து நெவார்க்குக்கு நேராகப் பறக்கத் தொடங்கியது. நான்கு என்ஜின். எண்ணெய் விலை ஏறியபோது அந்த நான்கையும் கட்டி மேய்க்க முடியவில்லை. 2008-இல் நூறே இருக்கைகள், எல்லாமே பிசினஸ் என்று மாற்றிப் பார்த்தார்கள். 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து அதே வழி உயிர்பெற்றதற்குக் காரணம், பாதிக்கு மேல் கார்பன் கலவைப் பொருளால் ஆன உடலும் இரண்டே இரண்டு ரோல்ஸ்-ராய்ஸ் என்ஜின்களும். கென்னடிக்கு 2020 நவம்பரில், பெருந்தொற்று நடுவே, நேர்ச் சேவை தொடங்கியது.

கிளம்பியதும் சாப்பாடு, விளக்கணைப்பு. எனக்குத் தூக்கம் வரவில்லை. திரையில் வரைபடத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன். தென்சீனக் கடல், பிலிப்பைன்ஸின் மேற்கு ஓரம், பிறகு தைவான். விமானம் வடக்கே ஏறாமல் வடகிழக்காகச் சாய்ந்துகொண்டே போனது. பக்கத்து இருக்கையில் கும்பகோணத்துப் பெரியவர் ஒருவர். நியூ ஜெர்சியில் இருக்கும் மகனைப் பார்க்கத் திருச்சியிலிருந்து வந்து மாறி ஏறியிருந்தார். அவரும் தூங்கவில்லை.

“ஏம்மா, அமெரிக்கா மேற்கேதானே இருக்கு? ஜப்பான் பக்கமா போறானே?” என்றார்.

“ரெண்டு பக்கமும் போகலாங்க ஐயா. கிழக்கே போனா காத்து பின்னாலேருந்து தள்ளும்.”

“மேலேயும் காத்து அடிக்குதா?”

“கீழே அடிக்கிறதைவிடப் பல மடங்குங்க ஐயா.”

ஓகினாவா தாண்டியபின் அவரே திரையைப் பார்த்துவிட்டு என்னைத் தட்டினார். தரைவேகம் மணிக்கு ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. இந்த விமானம் அமைதியான காற்றில் சுமார் 900 போகும். மீதி வேகம் காற்று கொடுத்தது.

அதுதான் ஜெட் ஸ்ட்ரீம். ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் குறுகலான, மிக வேகமான காற்றோட்டம். ஜப்பானுக்கு மேலே குளிர்காலத்தில் அது மணிக்கு 200 கிலோமீட்டரைச் சாதாரணமாகத் தாண்டும். வெள்ளத்தோடு போகும் ஓடக்காரன் நேர்க்கோடு பார்ப்பதில்லை, நீரோட்டம் எங்கே வேகம் என்று பார்ப்பான். விமானத்துக்கு அன்றன்று வழி வகுப்பவர்கள் செய்வதும் அதுதான். நிலத்தின் மேல் 16,000 கிலோமீட்டருக்கு மேல் போனாலும், காற்றின் ஊடாக அந்த விமானம் உண்மையில் கடப்பது அதைவிடக் குறைவு. எரிபொருள் செலவாவது காற்றின் ஊடே கடக்கும் தூரத்துக்குத்தானே தவிர, வரைபடத்தில் உள்ள தூரத்துக்கு அல்ல.

துருவத்தை ஒட்டிய குறுக்கு வழிக்கு வேறு சிக்கல்களும் உண்டு. அந்த நூல் போகும் வழி சீனா, மங்கோலியா கடந்து சைபீரியாவின் மேல் ஏறுகிறது. 2022-க்குப் பிறகு ரஷ்ய வான்வெளி பல நாட்டு நிறுவனங்களுக்கு மூடிக்கிடக்கிறது. துருவப் பகுதியில் வெளிக் குளிர் அதிகம். விமானங்கள் பயன்படுத்தும் ஜெட் ஏ-1 எரிபொருளின் உறைநிலை மைனஸ் 47 பாகை செல்சியஸ். இறக்கைக்குள் இருக்கும் எரிபொருள் அதை நெருங்காமல் விமானிகள் கண்காணித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

ஜப்பான் மேலே போகும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருகிறவர் வாசாபுரோ ஓய்ஷி. தட்டேனோ என்ற ஊரில் வானிலை ஆய்வகம் நடத்தியவர். 1920-களில் பலூன்களை மேலே விட்டு, தொலைநோக்கியால் அவை நகர்வதைத் தொடர்ந்து அளந்து, உயரத்தில் இப்படி ஒரு பேய்க்காற்று ஓடுகிறது என்று கண்டுபிடித்தார். உலகம் முழுக்கப் படிக்க வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் 1926-இல் தம் அறிக்கையை, எல்லா நாட்டாருக்கும் பொதுவாக இருக்கட்டும் என்று உருவாக்கிய எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். வெளியுலகம் அதைக் கவனிக்கவே இல்லை. 1944-இல் ஜப்பான் மேல் உயரத்தில் பறந்த அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் அந்தக் காற்றில் மாட்டித் திணறின. அதே காற்றில்தான் ஜப்பான் வெடிகுண்டு கட்டிய பலூன்களைப் பசிபிக் தாண்டி அமெரிக்காவுக்கு மிதக்கவிட்டது. அவ்வளவு பொறுமையாக ஒரு மனிதர் அளந்து வைத்ததை முதலில் யுத்தம் எடுத்துக்கொண்டது என்பது எனக்குத் தாங்காத வருத்தம். இன்று நூற்று அறுபது பேர் தூங்கிக்கொண்டே அந்தக் காற்றில் போகிறோம். அவர் அளந்து வைத்ததற்கு இதுதான் சரியான பயன்.

ஜப்பானுக்குத் தெற்கே விடிந்தது. செவ்வாய்க்கிழமைச் சூரியன். தேதிக்கோட்டைத் தாண்டியதும் கீழே இருந்த உலகுக்குத் திங்கள்கிழமை. அந்தப் பகல் ஏழு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. சூரியனுக்கு எதிர்த் திசையில் ஓடினால் பகலும் சுருங்கும், இரவும் சுருங்கும். அலாஸ்கா வளைகுடாவுக்கு மேலே திங்கள்கிழமைச் சூரியன் மறைந்தது.

அந்தப் பசிபிக் பகுதியில்தான் கொஞ்சம் அச்சம் வரும். கீழே ஒன்றுமே இல்லை. ஆனால் வழியைத் திட்டமிடும்போதே, ஒரு என்ஜின் நின்றால் மற்றொன்றை வைத்துக்கொண்டு எங்கே போய் இறங்குவது என்று ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு விமான நிலையம் குறித்து வைத்திருப்பார்கள். அலாஸ்கா தீபகற்பத்தின் கோடியில் கோல்ட் பே என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை நூறைத் தொடாது. ஓடுபாதை மட்டும் மூன்று கிலோமீட்டருக்கு மேல், இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போட்டது. பெரிய விமானங்கள் அவசரத்துக்கு அங்கே இறங்கியிருக்கின்றன. அந்தப் பெயரைத் திரையில் பார்த்தபோது பெரியவரிடம் சொன்னேன். “நம்ம ஊர்ல வழிக்கு வழி சத்திரம் கட்டி வச்ச மாதிரி”ன்னார். அதன்பிறகு இரண்டு பேருமே தூங்கினோம்.

நடுவே ஒரு சங்கதி கவனித்தேன். கிளம்பியபோது முப்பதாயிரம் அடி சொச்சத்தில் இருந்த விமானம், எரிபொருள் எரிந்து எடை குறையக் குறைய, சில மணி நேரத்துக்கு ஒருமுறை படியேறுவதுபோல மேலே போனது. கனடாவை அடையும்போது நாற்பதாயிரத்தைத் தொட்டிருந்தது. விமானிகள் நான்கு பேர், இரண்டு ஜோடிகளாக மாறி மாறி ஓட்டுகிறார்கள். பணிப்பெண்களும் மாற்றி மாற்றி, வால்பக்கக் கூரைக்குள் இருக்கும் படுக்கைகளில் ஓய்வெடுக்கப் போனார்கள். நான் இரண்டு மணிக்கு ஒருதரம் எழுந்து நடந்தேன். இவ்வளவு நேரம் காலை மடக்கி உட்கார்ந்தால் ரத்தம் கட்டிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயதானவர்களை அனுப்புகிறவர்கள் நடைபாதை ஓர இருக்கை கேட்டு வாங்கிக் கொடுங்கள்.

கென்னடியில் இறங்கியபோது இன்னும் இருட்டு. குடிநுழைவு முடிந்து, ஏர்டிரெயின் பிடித்து ஜமைக்கா ஸ்டேஷன் போகும் வழியில் விடிந்தது. மறுபடியும் செவ்வாய்க்கிழமைச் சூரியன். நாள்காட்டிப்படி ஆறு மணி நேரப் பயணம்.

புதன், குவீன்ஸ்

கைக்கடிகாரத்தில் நான் எதையும் மாற்றவில்லை. சிங்கப்பூருக்கும் நியூயார்க்குக்கும் கோடை நேரத்தில் சரியாகப் பன்னிரண்டு மணி வித்தியாசம். முள் அப்படியே இருக்கிறது, பகலும் இரவும் மட்டும் இடம் மாறிவிட்டன. நவம்பரில் இங்கே கடிகாரத்தைப் பின்னால் தள்ளியதும் பதின்மூன்றாகிவிடும்.

உடம்புக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் பாடு. இரவு இரண்டு மணிக்கு வயிறு மதியச் சாப்பாடு கேட்டது. ஒரு நாளைக்குச் சுமார் ஒரு மணி நேரம் என்றுதான் உடம்பு பழகும் என்பார்கள். காலை வெயில்தான் மருந்து என்று மகள் என்னை ஃபிளஷிங் பிள்ளையார் கோயிலுக்கு நடத்திக் கூட்டிப்போனாள். பவுன் தெருவில் இருக்கிறது, 1977-இல் குடமுழுக்கு ஆனது. கீழ்த்தளத்து உணவகத்தில் தோசை. தட்டை வாங்கிக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பவர்களின் பேச்சில் சென்னை, யாழ்ப்பாணம், பினாங்கு எல்லாம் கேட்டது. ஒவ்வொருவரும் ஏதோ ஒரு நீண்ட விமானத்தில் இப்படித் தூக்கம் கெட்டு வந்திறங்கியவர்கள்தாம்.

ஞாயிறு

இன்று எழுத அதிகமில்லை. தூக்கம் சரியாகிவிட்டது. பேரன் உலக உருண்டையில் நூல் வைத்துப் பார்த்தான். பெர்த்திலிருந்து லண்டன் அளந்தான். அதுவும் இடைநில்லாச் சேவைதான், ஏறத்தாழ 14,500 கிலோமீட்டர். சிட்னியிலிருந்து லண்டனுக்கு 17,000 கிலோமீட்டர். அதை நேராகப் பறக்க ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் ஏ350-1000 விமானங்களை வாங்குகிறது. அது வந்தால் நான் வந்த வழி இரண்டாம் இடத்துக்குப் போய்விடும்.

“இதைவிட அதிக நேரம் யாராவது பறந்திருக்காங்களா பாட்டி?” என்று கேட்டான். பறந்திருக்கிறார்கள். 1943 முதல் 1945 வரை, சிங்கப்பூர் ஜப்பானியர் கையில் இருந்தபோது, பெர்த்திலிருந்து இலங்கையின் காலிக்குப் பக்கத்தில் உள்ள கொக்கல ஏரிக்குக் கட்டலினா நீர்விமானங்கள் போயின. சுமார் 5,600 கிலோமீட்டர்தான். வேகம் குறைவு, முப்பது மணி நேரம் வரை, சிலசமயம் அதற்கும் மேல், வானிலேயே. எதிரிக்குக் காட்டிக்கொடுத்துவிடும் என்று வானொலிகூட அனுப்புவதில்லை. நட்சத்திரம் பார்த்து வழி கண்டார்கள். ஒரே பயணத்தில் இரண்டு சூரியோதயம் பார்த்த பயணிகளுக்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். பேரனுக்கு அந்தச் சான்றிதழ் எனக்கு ஏன் கொடுக்கவில்லை என்பதுதான் பெரிய குறை.

வெள்ளி, சிங்கப்பூர்

புதன் இரவு பத்து மணிக்குமேல் கிளம்பி, வெள்ளி விடிகாலை சாங்கி. திரும்பும்போதும் விமானம் கிழக்கேதான் பறந்தது. அட்லாண்டிக், ஐரோப்பா, துருக்கி, இந்தியா. அயர்லாந்துக்குத் தெற்கே விடிந்து, காஸ்பியன் கடலைத் தாண்டியதும் இருட்டியது. வியாழக்கிழமையின் பகல் எனக்கு அவ்வளவுதான். போகும்போதும் வரும்போதும் ஒரே திசை என்பதால் உலகை முழுச் சுற்றுச் சுற்றிவிட்டேன். பசிபிக் வழியே திரும்பினால், போகும்போது தள்ளிய அதே காற்று நெற்றியில் அடித்துத் தடுக்கும். அப்படித் திரும்பும் நாட்களும் உண்டு. எந்தப் பக்கம் காற்று தோது என்று பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள்.

இரவில் இந்தியாவைக் குறுக்கே கடந்து ஒடிசா கரையில் வங்கக் கடலுக்குள் இறங்கினோம். வரைபடத்தில் சென்னை வலப்பக்கம் ஆயிரம் கிலோமீட்டர் தொலைவில் தெரிந்தது. பின்வரிசையில் கைக்குழந்தையோடு ஒரு பெண், திருச்சிக்குப் போகிறவள்.

“அம்மா, நம்ம ஊர் தாண்டிப் போயிடுச்சா?” என்றாள்.

“தாண்டியாச்சும்மா. சிங்கப்பூர் போய், நாலு மணி நேரம் திரும்பி வரணும்.”

தமிழ்நாட்டிலிருந்து கேட்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்து நியூயார்க் சுமார் 13,500 கிலோமீட்டர். சிங்கப்பூர் வழியாகப் போனால் அது 18,000-ஐத் தாண்டிவிடும். வளைகுடா வழியோ, டெல்லி, மும்பை வழியோ பிடித்தால் தூரமும் குறைவு, நேரமும் குறைவு. இந்த நேர்விமானத்தின் பலன் முழுமையாகக் கிடைப்பது சிங்கப்பூரிலும் அக்கம்பக்கத்து மலேசியாவிலும் இருப்பவர்களுக்குத்தான். எங்களுக்கு ஃபிராங்ஃபர்ட் இறக்கமும் ஏற்றமும் மிச்சம்; நடுராத்திரியில் இன்னொரு பாதுகாப்புச் சோதனைக்கு நிற்கிற வேலையும் மிச்சம். அடுத்த வருடம் என் அக்காவை அழைத்துப் போவதாக இருக்கிறேன். முழங்கால் வலிக்காரி. பிரீமியம் எகானமியின் கடைசி வரிசைகளில் சன்னலோரம் தனி இருக்கைகள் சில உண்டு. பக்கத்தில் யாரையும் எழுப்பாமல் அவள் எழுந்து நடக்கலாம். டிக்கெட் திறந்ததும் அதைத்தான் முதலில் பிடிக்கப் போகிறேன்.